கேக்கின் மேல் ஒரு பளபளப்பு

பிறந்த நாளுக்கு இப்போது சிறிய ஊர்களில்கூட கேக் வெட்டுகிறார்கள். கேக்கின் மேலே பழுப்பு நிறத்தில் ஒரு பூச்சு இருக்கும். கண்ணாடி போலப் பளபளக்கும். அதன் மேலே சாக்லெட் சுருள்கள் கிடக்கும். தச்சர் மரத்தை இழைக்கும்போது சுருள் சுருளாக விழுமே, அதைப் போல இருக்கும்.

பார்ப்பதற்கு இது பெரிய வித்தை போலத் தெரியும். உண்மையில் கேக் சுடுவதைவிட இது எளிது. ஒரு பாத்திரம், ஒரு கிண்ணம், ஒரு கரண்டி, ஒரு கத்தி போதும். ஆனால் இரண்டு விஷயங்களில் கவனம் வேண்டும். ஒன்று சூடு. மற்றொன்று ஈரம். கவனம் தப்பினால் ஒரே நிமிடத்தில் அரைக் கிலோ சாக்லெட் பாழாகிவிடும். வீட்டில் கேக் செய்து விற்கும் ஒரு பெண்ணுக்கு அது ஒரு நாள் வருமானம்.

பல ஊர்களில் பெண்கள் இந்தத் தொழிலைச் செய்கிறார்கள். சிலர் தனியாகச் செய்கிறார்கள். சிலர் சுய உதவிக் குழுவாகச் சேர்ந்து செய்கிறார்கள். பூச்சு இல்லாத கேக்குக்கு ஒரு விலை. பூச்சும் சுருளும் போட்ட கேக்குக்கு வேறு விலை. இரண்டுக்கும் நடுவில் உள்ள வித்தியாசம் கைவேலைக்குக் கிடைக்கும் கூலி.

காயிலிருந்து கட்டி வரை

சாக்லெட் எதிலிருந்து வருகிறது? கோகோ என்ற மரத்தின் விதையிலிருந்து வருகிறது. இந்த மரத்தின் பிறப்பிடம் தென் அமெரிக்கா. நம் நாட்டில் கேரளம், கர்நாடகம், ஆந்திரம், தமிழ்நாடு ஆகிய நான்கு மாநிலங்களில் இதை வளர்க்கிறார்கள். தென்னை மரத்துக்கும் பாக்கு மரத்துக்கும் இடையில், நிழலில் இது நன்றாக வளரும். பொள்ளாச்சி பக்கம் தென்னந்தோப்புகளில் இதைப் பார்க்கலாம்.

இதன் காய் கிளை நுனியில் தொங்காது. பலாக்காய் போல அடிமரத்திலேயே ஒட்டிக்கொண்டு காய்க்கும். காயை உடைத்தால் உள்ளே முப்பது நாற்பது விதைகள் இருக்கும். அவற்றைச் சுற்றி வெள்ளையாகச் சதை இருக்கும். விதைகளைச் சதையோடு குவித்து ஐந்தாறு நாள் மூடி வைப்பார்கள். அது புளித்துச் சூடேறும். இட்லி மாவு புளிப்பது போலத்தான். புளிக்காவிட்டால் சாக்லெட்டின் மணம் வராது. பிறகு விதையை வெயிலில் உலர்த்தி, வறுத்து, தோல் நீக்கி அரைப்பார்கள்.

அந்த விதையில் பாதிக்குமேல் கொழுப்பு. அதற்குக் கோகோ வெண்ணெய் என்று பெயர். அரைத்த விழுதை இயந்திரத்தில் அழுத்தினால் கோகோ வெண்ணெய் தனியாக வடியும். மிஞ்சும் சக்கையைப் பொடித்தால் கோகோ தூள் கிடைக்கும். விழுதோடு சர்க்கரையும், இன்னும் கொஞ்சம் கோகோ வெண்ணெயும் சேர்த்தால் அது கறுப்புச் சாக்லெட். பால் பவுடரும் சேர்த்தால் பால் சாக்லெட்.

1980 வாக்கில் கோகோ விலை திடீரென்று சரிந்தது. வாங்க ஆளில்லாமல் கேரள, கர்நாடக விவசாயிகள் தவித்தார்கள். அப்போது மங்களூரில் இருந்த காம்ப்கோ என்ற பாக்கு விவசாயிகளின் கூட்டுறவுச் சங்கம் கோகோவையும் வாங்க முன்வந்தது. 1986-ல் புத்தூரில் சொந்தமாகவே சாக்லெட் தொழிற்சாலை கட்டியது. பாக்கு விற்கத் தொடங்கிய சங்கம் இப்படித்தான் சாக்லெட் செய்யக் கற்றுக்கொண்டது.

விலை ஏறுவதும் உண்டு. உலகக் கோகோவில் பாதிக்குமேல் ஐவரி கோஸ்ட், கானா என்ற இரண்டு ஆப்பிரிக்க நாடுகளில்தான் விளைகிறது. அங்கே மழையும் நோயும் சேர்ந்து விளைச்சலைக் கெடுத்தன. 2024-ல் உலகச் சந்தையில் ஒரு டன் கோகோவின் விலை 10,000 டாலரைத் தாண்டியது. எங்கோ ஆப்பிரிக்காவில் காய் அழுகினால், இங்கே தெருமுனை பேக்கரியில் சாக்லெட் கேக்கின் விலை ஏறுகிறது.

உறையைப் படியுங்கள்

கடையில் இரண்டு வகைச் சாக்லெட் கட்டிகள் கிடைக்கும். இரண்டும் பார்க்க ஒன்றுபோல இருக்கும். உறையின் பின்பக்கத்தில் 'சேர்ந்துள்ள பொருள்கள்' என்று ஒரு பட்டியல் இருக்கும். அது சின்ன எழுத்தில், பெரும்பாலும் ஆங்கிலத்தில் இருக்கும். தெரியாவிட்டால் படிக்கத் தெரிந்த ஒருவரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். பட்டியலில் கொழுப்பு என்று கோகோ வெண்ணெய் மட்டும் இருந்தால் அது அசல் சாக்லெட். கோகோ வெண்ணெய்க்குப் பதிலாகத் தாவரக் கொழுப்பு என்று போட்டிருந்தால் அது காம்பவுண்டு. அதாவது விலை உயர்ந்த கோகோ வெண்ணெயை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் பனை வகைக் கொழுப்பு போன்ற வேறு கொழுப்பைச் சேர்த்தது.

காம்பவுண்டு என்றால் கலப்படம் அல்ல. அது விலை குறைந்த வேறு ஒரு பொருள். உருக்கி ஊற்றினால் தானாகவே பளபளப்பாக உறையும். புதிதாகக் கற்றுக்கொள்பவருக்கு அதுவே நல்லது. ஆனால் சுவையில் வித்தியாசம் உண்டு. அசல் சாக்லெட் நாக்கில் வைத்ததும் கரையும். காம்பவுண்டு நாக்கில் மெழுகுபோலக் கொஞ்சம் ஒட்டும். காம்பவுண்டில் செய்ததை அசல் என்று சொல்லி அசல் விலைக்கு விற்பதுதான் தவறு.

ஈரம் ஏன் ஆகாது?

சாக்லெட்டை நேராக அடுப்பில் வைத்து உருக்கக் கூடாது. கருகிவிடும். ஒரு பாத்திரத்தில் இரண்டு விரல் உயரத்துக்குத் தண்ணீர் ஊற்றிச் சூடாக்க வேண்டும். அதன் மேலே ஒரு கிண்ணத்தை வைக்க வேண்டும். கிண்ணத்தின் அடி தண்ணீரைத் தொடக் கூடாது. நீராவியின் சூடு மட்டும் பட வேண்டும். சாக்லெட்டைச் சிறு துண்டுகளாக நறுக்கிக் கிண்ணத்தில் போட வேண்டும். தண்ணீர் கொதித்ததும் அடுப்பை அணைத்துவிட்டுக் கிளறலாம். பாதி உருகியதும் மீதி அந்தச் சூட்டிலேயே உருகிவிடும்.

கறுப்புச் சாக்லெட்டின் சூடு 50 டிகிரியைத் தாண்டக் கூடாது. பால் சாக்லெட்டும் வெள்ளைச் சாக்லெட்டும் 45 டிகிரியைத் தாண்டக் கூடாது. அவற்றில் பால் இருப்பதால் சீக்கிரம் அடிபிடிக்கும். தொட்டால் சுடுகிறது, ஆனால் விரலை எடுக்கத் தோன்றவில்லை என்றால் சரியான சூடு. சமையலுக்கான வெப்பமானி வாங்கிக்கொண்டால் இன்னும் நல்லது.

இப்படிக் கவனமாக உருக்கும்போது ஒரு சொட்டுத் தண்ணீர் விழுந்தால் என்ன ஆகும்? மின்னிக்கொண்டிருந்த சாக்லெட் திடீரென்று சேறு போல இறுகிவிடும். கிளறக் கிளற மணல் உருண்டை போல ஆகும். புதிதாகச் செய்பவர்கள் பயந்துபோவார்கள். சூடு போதவில்லை என்று நினைத்து மறுபடி அடுப்பில் வைப்பார்கள். அதனால் இன்னும் கெடும்.

காரணம் இதுதான். சாக்லெட்டில் மிக நுண்ணிய சர்க்கரைத் தூளும் கோகோ தூளும் இருக்கின்றன. அவை கொழுப்பில் மிதக்கின்றன. சாக்லெட்டில் ஈரம் அநேகமாக இல்லவே இல்லை. ஒரு சொட்டுத் தண்ணீர் விழுந்தால் சர்க்கரைத் தூள்கள் நனைந்து ஒன்றோடு ஒன்று ஒட்டிக்கொள்ளும். சர்க்கரை டப்பாவில் ஈரக் கரண்டியை விட்டால் கட்டி கட்டியாக ஆகிறது அல்லவா? அதேதான் இங்கேயும் நடக்கிறது.

அப்படியானால் பாலும் கிரீமும் ஊற்றிப் பூச்சு செய்கிறார்களே, அது எப்படி? அங்கே ஈரம் நிறைய இருக்கிறது. எல்லாச் சர்க்கரையும் அதில் கரைந்துவிடுகிறது. ஒட்டுவதற்குத் தூளே மிச்சமில்லை. கொஞ்சம் தண்ணீர் கெடுக்கும். நிறையத் தண்ணீர் கெடுக்காது. விசித்திரமாகத் தோன்றினாலும் இதுதான் உண்மை. அதனால் இறுகிப்போன சாக்லெட்டைத் தூக்கி எறிய வேண்டியதில்லை. சூடான பாலைக் கரண்டி கரண்டியாக ஊற்றிக் கிளறினால் அது குழம்பாக மாறிவிடும். சுருள் செய்ய உதவாது. ஐஸ்கிரீம் மேலே ஊற்றலாம், பாலில் கலந்து குடிக்கலாம்.

ஆகவே கிண்ணம், கரண்டி, கத்தி, கை எல்லாமே உலர்ந்திருக்க வேண்டும். கிண்ணத்தை இறக்கும்போது அதன் அடியில் நீராவி முத்து முத்தாக ஒட்டியிருக்கும். பலர் மறப்பது இதைத்தான். துணியால் துடைத்துவிட்டுத்தான் சாக்லெட்டைச் சாய்க்க வேண்டும்.

பூச்சு செய்யும் முறை

ஒரு கிலோ கேக்குக்கு 200 கிராம் கறுப்புச் சாக்லெட், 200 மில்லி கிரீம், ஒரு தேக்கரண்டி வெண்ணெய் போதும். கடையில் காகிதப் பெட்டியில் விற்கும் ஃபிரெஷ் கிரீம் சரியாக இருக்கும். பால் சாக்லெட் என்றால் கிரீமைப் பாதியாகக் குறைக்க வேண்டும். பால் சாக்லெட்டில் கோகோ குறைவு. அதனால் அது எளிதில் கெட்டிப்படாது.

சாக்லெட்டைப் பொடியாக நறுக்கிக் கிண்ணத்தில் போடுங்கள். கிரீமை மெல்லிய தீயில் சூடாக்குங்கள். ஓரத்தில் சிறு குமிழிகள் வந்தவுடன் இறக்கிவிடுங்கள். தளதளவென்று கொதிக்க விட்டால் கொழுப்பு பிரியும். சூடான கிரீமைச் சாக்லெட் மேல் ஊற்றுங்கள். உடனே கிளற வேண்டாம். இரண்டு மூன்று நிமிடம் மூடி வையுங்கள். பிறகு நடுவில் கரண்டியை வைத்துச் சின்ன வட்டமாகச் சுற்றுங்கள். முதலில் திட்டுத் திட்டாக, கெட்டுப்போனது போலத் தெரியும். விடாமல் மெதுவாகச் சுற்றினால் நடுவில் பளபளப்பு வரும். அது கொஞ்சம் கொஞ்சமாக ஓரம் வரை பரவும். கடைசியில் வெண்ணெயைச் சேருங்கள்.

வேகமாக அடித்தால் காற்று புகுந்துவிடும். கேக்கின் மேல் ஊற்றும்போது குமிழி குமிழியாகத் தெரியும். அதனால் இங்கே அவசரம் கூடாது.

சில சமயம் பூச்சு திரிந்து, மேலே எண்ணெய் மிதக்கும். அப்போது வெதுவெதுப்பான பாலை ஒரு தேக்கரண்டி விட்டுச் சுற்றுங்கள். சேரவில்லையா? இன்னும் ஒரு தேக்கரண்டி விடுங்கள். பெரும்பாலும் இரண்டு மூன்று கரண்டியில் சேர்ந்துவிடும்.

எப்போது ஊற்றுவது? இதில்தான் கைப்பழக்கம் வேண்டும். சூடாக ஊற்றினால் தண்ணீர்போல வழிந்து ஓடிவிடும். கேக்கின் மேல் ஒன்றும் நிற்காது. அதிகம் ஆறிய பிறகு ஊற்றினால் பரவாமல் மேடு மேடாக நிற்கும். கரண்டியில் எடுத்து விடும்போது நாடா போல விழ வேண்டும். விழுந்த தடம் சில நொடிகளில் மறைய வேண்டும். அதுதான் பதம். பாகு காய்ச்சத் தெரிந்த பெண்களுக்கு இந்தப் பதம் பார்ப்பது சுலபமாக வரும்.

கேக் நன்றாகக் குளிர்ந்திருக்க வேண்டும். அதைக் கம்பித் தட்டின் மேல் வைத்து, கீழே ஒரு தாம்பாளத்தை வையுங்கள். நடுவில் தொடங்கி, கையை நிறுத்தாமல் ஊற்றுங்கள். ஓரங்களில் தானாக வழியட்டும். கம்பித் தட்டை லேசாகத் தட்டினால் மேல்பக்கம் சமமாகும். கத்தியால் மறுபடி மறுபடி தேய்க்காதீர்கள். தேய்த்தால் பளபளப்பு போய்விடும், கேக் தூளும் கலந்துவிடும். தாம்பாளத்தில் வழிந்ததை வடிகட்டி எடுத்து, அன்றே வேறு கேக்குக்குப் பயன்படுத்தலாம்.

சாக்லெட் வாங்கப் பணம் இல்லையா? கோகோ தூளிலும் பூச்சு செய்யலாம். 100 கிராம் சர்க்கரை, 40 கிராம் கோகோ தூள், 100 மில்லி பால், 30 கிராம் வெண்ணெய் எடுத்துக்கொள்ளுங்கள். கோகோ தூளைச் சலித்துச் சர்க்கரையோடு கலந்து, பாலைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக் கட்டியில்லாமல் கரையுங்கள். சிறு தீயில் கிளறிக்கொண்டே இரண்டு மூன்று நிமிடம் கொதிக்க விடுங்கள். இறக்கி, வெண்ணெய் சேர்த்து, ஆறவிட்டு ஊற்றுங்கள். சாக்லெட் பூச்சு அளவுக்குக் கனமாக இருக்காது. ஆனால் செலவு குறைவு. பார்க்கவும் நன்றாக இருக்கும்.

சுருள் செய்வது எப்படி?

எளிய வழி முதலில். ஒரு கனமான சாக்லெட் கட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். உருளைக்கிழங்குத் தோல் சீவும் கருவியால் அதன் பக்கவாட்டில் நீளமாகச் சீவுங்கள். ஃபிரிட்ஜிலிருந்து எடுத்தவுடன் சீவினால் தூள் தூளாக உதிரும். கட்டியைக் காகிதத்தோடு உள்ளங்கையில் ஒரு நிமிடம் அழுத்திப் பிடித்துவிட்டுச் சீவிப் பாருங்கள். அழகாகச் சுருண்டு விழும். குளிர்ந்தால் உடையும், சூடானால் வளையும். சுருளின் கதை முழுவதும் இவ்வளவுதான்.

பெரிய சுருள் வேண்டும் என்றால் வேறு முறை. சமையல் மேடையில் கிரானைட் கல் பதித்திருந்தால் அதைக் கழுவி, நன்றாகத் துடைத்து உலர வையுங்கள். இல்லாவிட்டால் ஒரு பெரிய எவர்சில்வர் தட்டைக் கவிழ்த்து வைத்துக்கொள்ளலாம். 100 கிராம் காம்பவுண்டை அரைத் தேக்கரண்டி எண்ணெய் சேர்த்து உருக்குங்கள். எண்ணெய் சேர்ப்பதால் சுருள் சட்டென்று ஒடியாது. தேங்காய் எண்ணெய் வேண்டாம், மணம் மாறும். உருகியதைக் கல்லின் மேல் மெல்லிய தோசை போலப் பரப்புங்கள்.

இனி காத்திருக்க வேண்டும். கொஞ்ச நேரத்தில் ஈர மினுமினுப்பு மறையும். விரலால் தொடுங்கள். விரலில் ஒட்டக் கூடாது. நகத்தால் லேசாக அழுத்தினால் தடம் பதிய வேண்டும். அதுதான் சரியான நேரம். நேர் விளிம்புள்ள தோசைத் திருப்பியைச் சாய்த்துப் பிடித்து முன்னோக்கித் தள்ளுங்கள். சாக்லெட் தானாகச் சுருண்டுகொண்டே வரும். பெயிண்டர்கள் பட்டி பார்க்கும் தகடு போன்ற ஒன்றைப் புதிதாக வாங்கி, இதற்கென்றே வைத்துக்கொள்பவர்களும் உண்டு. தகடு எஃகில் இருக்க வேண்டும், துருப்பிடிக்கக் கூடாது.

தள்ளும்போது சுருளாமல் குழைந்தால், இன்னும் இறுகவில்லை. இரண்டு நிமிடம் பொறுங்கள். சில்லுச் சில்லாக உடைந்தால், அதிகம் இறுகிவிட்டது. உள்ளங்கையை அதன் மேல் சில நொடி வைத்து எடுத்துவிட்டு மறுபடி தள்ளுங்கள். முதல் நாள் பாதிக்குமேல் உடையத்தான் செய்யும். உடைந்ததைப் பொறுக்கிக் கிண்ணத்தில் போட்டு உருக்கினால் மறுபடியும் சாக்லெட். மாவு பிசைந்து கெட்டால் மாவு போயிற்று. சாக்லெட்டில் அந்த நஷ்டம் கிடையாது.

செய்த சுருளைக் கையால் எடுக்காதீர்கள். மனித உடலின் சூடு 37 டிகிரி. கோகோ வெண்ணெய் சுமார் 34 டிகிரியிலேயே உருகிவிடும். அதனால்தான் சாக்லெட் வாயில் கரைகிறது. அதே காரணத்தால் விரலிலும் கரையும். பல் குச்சியைச் சுருளுக்குள் நுழைத்துத் தூக்குங்கள்.

வெள்ளைத் திட்டு பூஞ்சையா?

அசல் சாக்லெட்டை உருக்கிச் சும்மா உறையவிட்டுச் சுருள் செய்தால் ஒரு தொல்லை வரும். அன்று பார்க்க நன்றாக இருக்கும். மறுநாள் சாம்பல் பூசியது போல வெள்ளைத் திட்டுகள் தெரியும். கேக் வாங்கியவர் சண்டைக்கு வருவார்.

"ஏம்மா, பழைய சாக்லெட்டைப் போட்டு ஏமாத்தறியா? பூஞ்சை பிடிச்சிருக்கே!"

"இல்லைங்க. நேத்து ராத்திரிதான் செஞ்சேன்."

அவள் சொல்வது உண்மை. அது பூஞ்சை அல்ல. கோகோ வெண்ணெய்தான் மேலே வந்து வெள்ளையாக உறைந்திருக்கிறது. சாப்பிட்டால் ஒன்றும் செய்யாது. ஆனால் வாங்கியவர் நம்ப வேண்டுமே! ஒரு முறை நம்பிக்கை போனால் அந்தத் தெருவில் இருந்து அடுத்த ஆர்டர் வராது.

இது ஏன் நேர்கிறது? நெய்யை நினைத்துப் பாருங்கள். காய்ச்சிய நெய்யை மெதுவாக ஆறவிட்டால் மணல் மணலாக உறையும். சட்டென்று குளிர வைத்தால் வழவழப்பாக உறையும். நெய் ஒன்றுதான், உறையும் விதம் வேறு. கோகோ வெண்ணெய் ஆறு விதமாக உறையக்கூடியது. அவற்றில் ஐந்தாவது விதம் மட்டுமே பளபளப்பாகவும், ஒடித்தால் 'டக்' என்று சத்தம் கேட்கும்படியும் இருக்கும். மற்ற விதங்களில் உறைந்தால் நிறம் மங்கும், தொட்டால் பிசுபிசுக்கும், வெள்ளை பூக்கும்.

ஐந்தாவது விதமாக உறைய வைக்க ஒரு முறை இருக்கிறது. டெம்பரிங் என்பார்கள். கறுப்புச் சாக்லெட்டில் மூன்றில் இரண்டு பங்கை 45 டிகிரி வரை சூடாக்கி உருக்குங்கள். அடுப்பிலிருந்து இறக்குங்கள். மீதி ஒரு பங்கைப் பொடியாக நறுக்கி, கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டுக் கிளறுங்கள். அந்தத் துண்டுகள் தொழிற்சாலையிலேயே சரியான விதத்தில் உறைந்தவை. பாலில் கொஞ்சம் உறைமோர் விட்டால் முழுப் பாலும் தயிராவது போல, அவை மற்றதையும் தங்கள் வழிக்குக் கொண்டுவரும். சூடு 31, 32 டிகிரிக்கு இறங்கும்வரை கிளற வேண்டும். பால் சாக்லெட் என்றால் 29, 30 டிகிரி. கத்தி நுனியைத் தோய்த்துக் குளிர்ச்சியான இடத்தில் வையுங்கள். ஐந்து நிமிடத்தில் பளபளப்பாக உறைந்தால் தயார்.

இந்த வேலை எல்லாவற்றுக்கும் தேவையில்லை. கிரீம் சேர்த்த பூச்சுக்கு வேண்டாம். காம்பவுண்டுக்கு வேண்டாம். கடையில் வாங்கிய கட்டியை உருக்காமல் அப்படியே சீவினாலும் வேண்டாம். அசல் சாக்லெட்டை உருக்கிச் சுருளோ, அச்சு மிட்டாயோ செய்யும்போதுதான் வேண்டும்.

வெயில் காலத்தில்

ஊட்டியிலும் கொடைக்கானலிலும் வீட்டுச் சாக்லெட் கடைகள் நிறைய இருப்பதற்குக் குளிர் ஒரு முக்கியக் காரணம். அங்கே உருக்கி ஊற்றினால் தானாக உறையும். நாக்பூரிலும் விஜயவாடாவிலும் மே மாதம் வெயில் 40 டிகிரியைத் தாண்டும். அங்கே சுருள் செய்ய உட்கார்ந்தால் கல்லே சுடும். இந்த ஊர்களில் விடியற்காலையில் செய்வதுதான் நல்லது. கவிழ்த்த தட்டில் பரப்பி, தட்டோடு ஃபிரிட்ஜில் சில நிமிடம் வைத்து எடுத்தும் தள்ளலாம்.

கேக்கை ஃபிரிட்ஜிலிருந்து எடுத்ததும் அதன் மேல் வேர்த்துவிடும். குளிர்ந்த சொம்பின் வெளியே தண்ணீர் முத்துகள் படிவது போலத்தான். அந்த ஈரம் பளபளப்பைக் கெடுக்கும். கேக்கை மூடிய அட்டைப் பெட்டியோடு ஃபிரிட்ஜில் வைக்க வேண்டும். வெளியே எடுத்ததும் உடனே திறக்காமல், அரை மணி நேரம் பெட்டியோடு வெளியே வைக்க வேண்டும். அப்போது ஈரம் பெட்டியின் மேல்தான் படியும்.

அழகைவிட முக்கியமான விஷயம் ஒன்று உண்டு. கிரீம் பூச்சு பாலில் செய்தது. வெயில் காலத்தில் அதை இரண்டு மணி நேரத்துக்குமேல் வெளியே வைக்கக் கூடாது. பார்க்க நன்றாக இருக்கும், உள்ளே கெட்டிருக்கும். பிறந்த நாள் விழாவில் கேக்கைச் சாப்பிடுபவர்கள் பெரும்பாலும் குழந்தைகள். மதியமே மேசையில் கொண்டுவந்து வைத்து, விருந்தாளிகள் வரும் வரை காக்க வைப்பது சரியல்ல. இதை வாங்குபவரிடம் வாயாலும் சொல்ல வேண்டும், பெட்டியின் மேல் எழுதியும் ஒட்ட வேண்டும். செய்த தேதி, கேக்கில் முட்டை உண்டா இல்லையா என்பதையும் எழுத வேண்டும். வீட்டில் செய்து விற்றாலும் உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு செய்துகொள்ள வேண்டும் என்பது சட்டம். பதிவு செய்தால் 14 இலக்க எண் ஒன்று தருவார்கள்.

கணக்குப் போடுவோம்

பூச்சுக்கு எவ்வளவு வாங்குவது? ஓர் உதாரணம் பார்ப்போம். விலைகள் ஊருக்கு ஊர் மாறும். அரைக் கிலோ காம்பவுண்டு 200 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 200 கிராமுக்கு 80 ரூபாய். கிரீம் 70 ரூபாய். வெண்ணெய் 5 ரூபாய். சுருளுக்கு 50 கிராம் காம்பவுண்டு, 20 ரூபாய். மொத்தம் 175 ரூபாய். பலர் இதோடு 25 ரூபாய் சேர்த்து 200 வாங்கிவிட்டு, லாபம் வந்துவிட்டது என்று நினைக்கிறார்கள். கேஸ் செலவு எங்கே? ஃபிரிட்ஜ் ஓடும் மின்சாரம் எங்கே? பெட்டி எங்கே? இரண்டு மணி நேரம் நின்று வேலை செய்த கூலி எங்கே? அதே இரண்டு மணி நேரம் வேறு இடத்தில் வேலைக்குப் போனால் என்ன கிடைக்குமோ, அதையாவது சேர்க்க வேண்டும். வீட்டில் செய்யும் வேலைக்குக் கூலி போடப் பெண்களே தயங்குகிறார்கள். கடைக்காரர் யாரும் தயங்குவதில்லை.

ஓய்வாக இருக்கும் நாளில் சுருள்களை முன்கூட்டியே செய்து வைக்கலாம். ஈரமில்லாத டப்பாவில் பட்டர் பேப்பர் விரித்து, ஓர் அடுக்கு சுருள், ஒரு காகிதம் என்று அடுக்குங்கள். குளிர்ச்சியான இடத்தில் சில வாரம் கெடாமல் இருக்கும். சாக்லெட் மற்ற வாசனைகளை எளிதில் இழுத்துக்கொள்ளும். அதனால் பெருங்காயம், மசாலாப் பொடி, கருவாடு இருக்கும் அலமாரியில் அந்த டப்பாவை வைக்க வேண்டாம். வீட்டில் நாய் இருந்தால், அதற்கு எட்டாத உயரத்தில் வையுங்கள். மனிதருக்கு இனிக்கும் சாக்லெட் நாய்க்கு விஷம்.